போகாத பயணங்களை யார் எண்ணுவது?

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்றார். தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிப்போன சொல் அது. போகட்டும், நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் ஊருக்கும் காலனிக்கும் நடுவிலுள்ள தூரம் குறைந்துவிடுமா? யார் எங்கே குடியிருக்கலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எவ்வளவு தூரம் பயணம் செய்து வேலைக்குப் போக வேண்டும் என்பதைச் சாதிதான் இன்றும் பெருமளவு முடிவு செய்கிறது. அந்தத் தூரங்களை யார் அளக்கிறார்கள், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது நமக்கு முக்கியமான கேள்வி.

உலகம் முழுவதும் நகரத் திட்டமிடுபவர்கள் இப்போது கையில் எடுத்திருக்கும் அளவுகோல் செல்பேசி. பேருந்து எங்கே விடுவது, சாலை எங்கே போடுவது, மெட்ரோ நிலையம் எங்கே கட்டுவது என்பதையெல்லாம் செல்பேசிகள் நகரும் தடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பைவிட இது மலிவு, வேகம், எல்லோரும் இதில் அடக்கம் என்கிறார்கள். மலிவும் வேகமும் உண்மைதான். எல்லோரும் அடக்கம் என்பதில்தான் நமக்குச் சண்டை.

இது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நாம் ஒருவரை அழைக்கும்போதும் குறுஞ்செய்தி அனுப்பும்போதும் இணையத்தைத் திறக்கும்போதும், எந்தக் கோபுரம் வழியாக, எத்தனை மணிக்குத் தொடர்பு கொண்டோம் என்பது செல்பேசி நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. கட்டணக் கணக்குக்காக உருவான பதிவு அது. இந்தியாவில் நிறுவனங்கள் இதைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. இந்தப் பதிவில் இரவு நேரத்தில் ஒரு செல்பேசி வழக்கமாக எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறதோ அதை 'வீடு' என்றும், வேலை நாட்களில் பகலில் எங்கே இருக்கிறதோ அதை 'வேலையிடம்' என்றும் கணினி எடுத்துக்கொள்கிறது. பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, இத்தனை பேர் இங்கிருந்து அங்கே போகிறார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை போடுகிறார்கள். ஒரு நிறுவனத்திடம் நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் இருந்தால், கிடைத்த எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி முழு நகரத்துக்குமான கணக்காக ஆக்குகிறார்கள். மிச்சமிருப்பவர்களும் இவர்களைப் போலவே நடமாடுவார்கள் என்ற ஊகத்தின் மேல் நிற்கிற கணக்கு இது.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஐவரி கோஸ்ட் நாட்டில் ஆரஞ்சு நிறுவனம் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் 250 கோடி அழைப்பு, குறுஞ்செய்திப் பதிவுகளை அடையாளம் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அதை வைத்து ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2013இல் அபிஜான் நகரத்தின் பேருந்துத் தடங்களை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பயண நேரத்தைப் பத்து விழுக்காடு குறைக்க முடியும் என்று காட்டினார்கள். 2010 ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரிலிருந்து மக்கள் எந்தப் பக்கம் போனார்கள், நிவாரணம் எங்கே தேவை என்று கண்டறிய செல்பேசித் தரவு உதவியது. லண்டன் சுரங்க ரயில்களில் வைஃபை வழியாகச் செல்பேசிகளைக் கணக்கிட்டு நெரிசலை அறிகிறார்கள்.

தரவே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடாக இருக்க முடியாது. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டவர்கள் நாம். எண்ணப்படாதவர்களுக்குப் பங்கு கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் கணக்கெடுப்பில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிறார், நாம் பதில் சொல்கிறோம். செல்பேசித் தரவில் யாரும் நம்மைக் கேட்பதில்லை. அதனால் நாம் ஏன் போனோம், எப்படிப் போனோம், ஏன் போகவில்லை என்பதைச் சொல்ல வழியே இல்லை. சாதி ஒளிந்திருப்பது அந்தக் காரணங்களில்தான்.

கோபுரத்தின் கண்

ஒரு கோபுரத்தால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும்? நெருக்கமான நகரத்தில் சில நூறு மீட்டர். கிராமத்தில் சில கிலோமீட்டர். நம் கிராமங்களில் ஊருக்கும் சேரிக்கும் இடையே பல இடங்களில் ஒரு சாலைதான் இருக்கிறது, அல்லது ஒரு வயல்வெளி. இரண்டும் ஒரே கோபுரத்தின் கீழ் வந்துவிடும். காலங்காலமாகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றப்பட்ட அந்தக் கோடு கோபுரப் பதிவில் காணாமல் போய்விடும். ஊர்த்தெருவில் செருப்பு போட்டு நடக்க முடியாதவரும் அதே தெருவில் மாடி வீடு வைத்திருப்பவரும் ஒரே இடத்து ஆட்களாகப் பதிவாவார்கள். அந்த வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது ஒற்றுமையான கிராமமாகத் தெரியும்.

நகரத்தில் கண் கூர்மையாகிறது. ஆனால் அங்கே வேறு பிழைகள் வருகின்றன. இரவில் இருக்கும் இடம்தான் வீடு என்ற விதியையே எடுத்துக்கொள்வோம். சென்னையின் பெரிய சாலைகளையும் கடைத்தெருக்களையும் இரவில் கூட்டிப் பெருக்குபவர்கள் இருக்கிறார்கள். தியாகராய நகரில் இரவெல்லாம் குப்பை அள்ளும் ஒரு தொழிலாளியின் 'வீடு' தியாகராய நகர் என்று கணினி முடிவு செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி அந்தக் குடியிருப்பின் குடும்பத்தலைவராகப் பதிவாகலாம். நடைமுறையில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காத இடத்தில் தரவு இவர்களுக்குச் சொந்த வீடே கட்டிக் கொடுத்துவிடுகிறது. இரவு வேலையில் இருப்பவர்களைப் பிரித்தறிய நுட்பமான வழிகள் இருக்கின்றன. அதற்கு, அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு முதலில் அட்டவணை போடுபவருக்கு வர வேண்டும்.

அடுத்தது, செல்பேசி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. இங்கேயும் நான்கில் ஒரு பெண்ணிடம் சொந்தமாகச் செல்பேசி இல்லை. வீட்டில் ஒரே செல்பேசி இருந்தால் அது பெரும்பாலும் ஆணின் பையில்தான் போகும். அப்போது அந்த வீட்டுப் பெண்ணின் பயணமாக வரைபடத்தில் வருவது அவருடைய கணவரின் பயணம். கையில் செல்பேசி இருந்தாலும், வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய், அங்கன்வாடி, ரேஷன் கடை, மறுபடி வீடு என்று அவர் நாள் முழுக்க நடக்கும் நடை ஒரே கோபுரத்துக்குள் முடிந்துவிடும். கணினிக்கு அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை.

இவற்றோடு, ஓரிடத்தில் 'இருப்பது' என்றால் என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. பெசன்ட் நகரில் ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் பேர் வந்து போகிறார்கள், எல்லாத் தரப்பினரும் கலந்து புழங்கும் இடம் அது என்று ஒரு வரைபடம் சொல்லக்கூடும். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவரும் ஒரு புள்ளி. நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவ வந்தவரும் ஒரு புள்ளி. இரண்டாமவர் எந்த லிஃப்டில் ஏறினார், எந்தக் குவளையில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் புள்ளியில் வராது. நகரத்தில் நம் ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். வேலைக்காரர்களாக எல்லாத் தெருவுக்கும் எப்போதும் போய்வந்திருக்கிறோம். அதைக் கலப்பு என்று பெயரிட்டுவிட்டால் தனிமைப்படுத்தலைப் பற்றிப் பேச இடமிருக்காது.

பூஜ்ஜியம் சொல்லும் பொய்

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய பிழைகள். இனிச் சொல்வது திருத்த யாரும் முன்வராத பிழை.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்தப் பெயர்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலுள்ள குடியிருப்புகளிலிருந்தும் சென்னையின் பூர்வகுடி மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்கள் பெரும்பாக்கத்துக்கு அவசர அவசரமாக அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே வீடு கட்டிக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. பிறகு அது 25 கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக் கொடுப்பதாக மாறியது. 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்தவர். காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டு மணிக்கு ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. நடந்துபோகிற தூரம். நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட முடிந்தது. பெரும்பாக்கம் போன பிறகு காலை ஆறரைக்கு மயிலாப்பூரில் இருக்க வேண்டுமானால் நாலரைக்கு எழுந்து கிளம்ப வேண்டும். சில மாதங்கள் ஓடிப் பார்க்கிறார். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, இரவு திரும்பும்போது பேருந்து இல்லை. ஒவ்வொரு வீடாக வேலையை விடுகிறார். இது கற்பனைக் கதை அல்ல, இந்தக் குடியிருப்புகளில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை. கரேன் கோயெல்ஹோ, வெங்கட், சந்திரிகா ஆகியோர் கண்ணகி நகரின் உழைப்பையும் வாழ்வாதாரத்தையும் ஆராய்ந்து 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார்கள். நகரத்தின் விளிம்புக்குத் தள்ளுவதே வறுமையைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறது என்பது அவர்கள் வாதம்.

இப்போது செல்பேசித் தரவுக்கு வருவோம். வேலையை விட்ட பிறகு அந்தப் பெண்ணின் செல்பேசி பெரும்பாக்கம் கோபுரத்தின் கீழேயே இருக்கிறது. ஒருவரல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி நின்றுபோயிருக்கிறார்கள். அட்டவணையில் பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குக் காலை ஐந்து மணிக்குப் பயணம் செய்பவர்கள் மிகக் குறைவு என்று வருகிறது. திட்டமிடுபவர் அதைப் பார்த்து இந்தத் தடத்தில் தேவை இல்லை என்று எழுதுகிறார். தேவை இல்லாத தடத்தில் பேருந்து விடுவார்களா? பேருந்து இல்லாததால் பயணம் நின்றது, பயணம் நின்றதால் பேருந்து வராது. வெளியேற்றத்தின் விளைவே வெளியேற்றத்துக்கான நியாயமாகிவிடுகிறது. அந்த மக்கள் அங்கேயே செட்டில் ஆகிவிட்டார்கள் என்று ஓர் அதிகாரி சொன்னால் அவர் கையில் வண்ண வரைபடம் ஆதாரமாக இருக்கும்.

சாதி நம்மை நடக்கவைத்த தூரத்தைச் செல்பேசி ஓரளவு காட்டும். நம்மைப் போகவிடாமல் செய்த இடங்களைக் காட்டாது. கோயில் தெரு, பொதுக்கிணறு, முடிதிருத்தகம், தேநீர்க் கடை, வாடகை வீடு என்று சாதி எப்போதும் தடுப்பதன் மூலமாகத்தான் வேலை செய்திருக்கிறது. தடுக்கப்பட்ட இடத்தில் பயணம் இருக்காது. பயணம் இல்லாத இடத்தில் தரவு இருக்காது. அந்த வெற்றிடத்தை 'விருப்பமில்லை' என்று வாசிப்பதா, 'விடவில்லை' என்று வாசிப்பதா என்பதை எந்தக் கணினியும் முடிவு செய்யாது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார். அவர் யார், எங்கே வாழ்கிறார், பேருந்தில் போயிருக்கிறாரா என்பதெல்லாம் அந்த முடிவில் இருக்கும்.

யாரை உற்றுப் பார்க்கிறார்கள்?

எண்ணப்படாமல் போவது ஓர் ஆபத்து என்றால், அளவுக்கு மீறி உற்றுப் பார்க்கப்படுவது இன்னோர் ஆபத்து. இரண்டும் ஒரே மக்களுக்குத்தான் நேர்கிறது. சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் துப்புரவுப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எந்தத் தெருவில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று அலுவலகத்திலிருந்து பார்க்கலாம். தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மாநகராட்சிப் பொறியாளர் கையில் யாரும் அப்படி ஒரு கடிகாரம் கட்டியதாகத் தெரியவில்லை. நகரத்தை அறிந்துகொள்ளும் ஆசை, கீழே இருப்பவரைக் கண்காணிக்கும் ஆசையாக எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்கு இது போதும்.

பெயர் நீக்கிய தரவில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். 2013இல் டி மான்ஜோய் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்பேசிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் எங்கே, எப்போது இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். நம் நாட்டில் அதற்குக்கூட அவசியமில்லை. இரவுக் கோபுரம் எந்தப் பகுதி என்று தெரிந்தாலே சாதியை ஊகித்துவிடும் சமூகம் இது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள், காவல்துறை சந்தேகத்தோடு பார்க்கிறது என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாளைக்கு முகவரியை நாம் சொல்லவே வேண்டாம், செல்பேசி சொல்லிவிடும்.

அரசின் கையில் இந்தத் தரவு போனால் என்ன தடை இருக்கிறது? 2020 தொடக்கத்தில் டெல்லி, கேரளா, ஆந்திரா உள்ளிட்ட பல வட்டங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கான அனைத்து வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளையும் தொலைத்தொடர்புத் துறை கேட்டது. செல்பேசி நிறுவனங்களின் சங்கமே ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. அழைப்பின் தரத்தைச் சோதிக்கத்தான் கேட்டோம் என்று அரசு விளக்கம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனால் 2023இல் வந்த எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. புள்ளிவிவர நோக்கத்துக்கும் தனி விலக்கு உண்டு. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி அதிகாரிகள் மறுப்பதை எளிதாக்கிவிட்டது. அரசு நம்மைப் பார்க்கும் சன்னல் பெரிதாகிறது, நாம் அரசைப் பார்க்கும் சன்னல் சிறிதாகிறது.

நாம் கேட்க வேண்டியது

சென்னைக்கு 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் பேசப்படும் காலம் இது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யார் எங்கே வாழ்வார்கள், எதில் போவார்கள் என்பது அதில் எழுதப்படும். அதற்காகவோ வேறெந்த நகரத் திட்டத்துக்காகவோ செல்பேசித் தரவைப் பயன்படுத்துவதாக இருந்தால் நாம் சில நிபந்தனைகள் வைக்க வேண்டும்.

முதலாவது, எந்த நிறுவனத்திடம், எந்த விதியின் கீழ் தரவு வாங்கப்பட்டது, யாரெல்லாம் அதில் விடுபட்டார்கள் என்பது தமிழில் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். திட்டமிடலுக்காக வாங்கிய தரவு காவல்துறைக்கோ ஆக்கிரமிப்பு அகற்றும் துறைக்கோ போகக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது, மறுகுடியமர்வுப் பகுதிகளில் பயணம் குறைவு என்று தரவு சொன்னால் அதை முடிவாக எடுக்காமல் கேள்வியாக எடுக்க வேண்டும். ஆட்கள் நேரில் போய், முன்பு எங்கே போனீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும். குறிப்பாகப் பெண்களிடம் கேட்க வேண்டும். அந்தப் பதில்களையும் சேர்த்துத்தான் தடங்களை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு குடியிருப்பை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் அந்த மக்கள் எவ்வளவு தூரம் போனார்கள், எத்தனை பேருடைய அன்றாடப் பயணம் நின்றுபோனது என்பதைத் தனிநபர் அடையாளம் இல்லாமல் மொத்தக் கணக்காகச் சொல்லிவிட முடியும். இரண்டு ஆண்டுப் பதிவுகள் நிறுவனங்களிடம் இருக்கின்றன. நெரிசலைக் குறைக்க, கடை போட இடம் பார்க்க, விளம்பரப் பலகை வைக்க என்று இந்தத் தரவை வைத்து ஆயிரம் கேள்விகள் கேட்கிறார்கள். வெளியேற்றம் ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கைக்கு என்ன செய்தது என்ற கேள்வியை அரசு அதனிடம் கேட்டதே இல்லை. ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் அந்தக் கணக்கை வெளியிட வேண்டும் என்று நாம் கேட்போம். நமக்கு எதிராகப் போகக்கூடிய அதே அட்டவணையை நமக்கான சாட்சியாகவும் நிறுத்த முடியும்.

இதற்கெல்லாம் அரசைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வீட்டுவசதி மற்றும் நில உரிமை வலையமைப்பு 2014இல் கண்ணகி நகரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, மக்களிடம் நேரில் பேசி எழுதப்பட்டது. அதுபோல இன்னும் நிறைய வேண்டும். இதை வாசிக்கும் தோழர்களில் பலர் கணினி படித்தவர்கள், தரவோடு வேலை செய்பவர்கள். ஒரு காலை நாலரைக்கு எழில் நகர்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்துகளையும் ஏற முடியாமல் நின்றவர்களையும் எண்ணலாம். அங்குள்ள இளைஞர்களோடு சேர்ந்து நூறு வீடுகளில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது அந்த நோட்டோடு போய் உட்காரலாம். அவர்கள் செல்பேசிகள் எங்கே போயின என்ற வரைபடத்தைக் காட்டட்டும். நம் மக்கள் எங்கே போவதை நிறுத்தினார்கள் என்ற கணக்கை நாம் காட்டுவோம்.